எட்டுத் துளி

கினா, 12 அக்டோபர் 1999

மகள் நாஹிதுக்கு,

இறைவனின் அமைதி உன்மேல் உண்டாகட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காது மட்டும் முன்பைவிட மோசம். பாஸ்பேட் கம்பெனியின் பம்பு அறையில் தொலைத்தது இனித் திரும்பாது. அதனால்தான் மளிகைக் கடைத் தொலைபேசியைத் தேடிப் போகாமல் எழுதுகிறேன். உன்னை இறைவன் நோயில்லாமல் வைத்திருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைப் பார்த்து உன்னை மன்னித்துவிட்டதாக எண்ணாதே. மர்ஸா ஸஃப்ராவின் பவளப் பாறைமேல் மணலைக் கொட்டி விடுதி கட்டுவதற்கு அளவு போட்டுக் கொடுத்தவனை நீ கட்டிக்கொண்டாய். நான் வேண்டாம் என்றேன். உன் அம்மா என் சொல்லை மீறி அலெக்ஸாண்ட்ரியா வரை வந்து அந்த நிக்காஹில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சில்லை. நாஹித் என் வாசலை மிதித்தால் என் மனைவி ஸனிய்யா எனக்குத் தலாக் என்று தெருவறியச் சத்தியம் செய்தேன். அது அப்படியே நிற்கிறது.

விஷயம் தண்ணீரைப் பற்றியது. லாரிகள் வருவதற்கு முதல் நாள் நான் பாறையிலிருந்து பெயர்த்து வாளியில் கொண்டுவந்த துண்டுகள் இங்கே முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் இருக்கின்றன. அந்தப் பாறையில் உயிரோடு மிஞ்சியது இவ்வளவுதான். கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்து வாழாது என்றார்கள். இரண்டு வருடமாக வாழ்கிறது. ஆனால் விரல்களை மூடித் திறந்துகொண்டே இருக்கும் வெண்பவளம் இப்போது சில நாளாகக் கையைத் திறக்கவில்லை. தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறது. சூடும் சரி. காரத்தன்மைதான் குறைகிறதென்று நினைக்கிறேன். அளக்க என்னிடம் ஒன்றுமில்லை. நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட ஆய்வகத்தில் அதற்கான சொட்டு மருந்து இருக்கும். ஒரு புட்டி அனுப்பு.

இறைவன் பொறுப்பில் உன்னை விடுகிறேன்.

ஷஹாத்தா


அலெக்ஸாண்ட்ரியா, 26 அக்டோபர் 1999

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

உங்கள் கையை முத்தமிடுகிறேன். உங்கள் எழுத்தை உறைமேல் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா எப்படி இருக்கிறாள்?

புட்டியை ரயிலில் வரும் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாடிக் குழலில் குறித்த கோடுவரை தொட்டித் தண்ணீரை எடுங்கள். சொட்டு சொட்டாக மருந்தை விட்டு ஆட்டுங்கள். முதலில் நீலமாகும். எத்தனையாவது துளியில் மஞ்சளாகிறதோ அதுவே கணக்கு. எட்டுத் துளி வந்தால் நல்லது. ஆறுக்குக் கீழே போனால் பவளம் தன் எலும்பைக் கட்ட முடியாது.

குறைந்திருந்தால் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வண்டல் சேரக் கூடாது. மொத்தமாக ஊற்றாதீர்கள், தொட்டி கலங்கிவிடும். விடியற்காலையில் சொட்டு சொட்டாக விடுங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், கடல் தண்ணீரால் அல்ல. இது உங்களுக்கே தெரியும்.

அப்பா, அந்தச் சத்தியத்தை எடுத்துவிடுங்கள். நான் அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வந்தால் அவள் தலாக் ஆகிவிடுவாள் என்பதால் வராமல் இருக்கிறேன். வேறு எதற்கும் பயந்து அல்ல.

உங்கள் துஆவை வேண்டும்,
நாஹித்


கினா, 20 நவம்பர் 1999

மகள் நாஹிதுக்கு,

அமைதி உண்டாகட்டும். முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் மழை தொடங்கியிருக்கும், நனையாதே.

புட்டி வந்தது. முதல் முறை ஏழாம் துளியில் மஞ்சளானது. சுண்ணாம்புத் தெளிவு விட்டேன். அடுத்த வாரம் அளந்தால் ஆறு. சுண்ணாம்பைக் கூட்டினேன். அடுத்த வாரமும் ஆறு. ஊற்ற ஊற்ற எங்கே போகிறது? ஓட்டை வாளியில் நீர் இறைப்பதுபோல இருக்கிறது. பெரிய பெரிய பம்புகளைக் கழற்றிப் பூட்டியவன் நான், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சிறிய தொட்டி என்னை ஏய்க்கப் பார்க்கிறது.

சொட்டு சொட்டாக விடச் சொன்னாய். அதற்கெல்லாம் பொறுமை இல்லை. விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் கிளம்புமுன் ஒரு குவளையாக ஊற்றிவிட்டுப் போகிறேன். வெள்ளையாகக் கலங்குகிறது. திரும்பி வருவதற்குள் தானே தெளிந்துவிடுகிறது. பார், நீ புத்தகத்தில் படித்தது ஒன்று, தண்ணீர் செய்வது ஒன்று.

குஸைரிலிருந்து மீன் ஏற்றிவரும் ஃபராஜ் இந்த மாதமும் எனக்குக் கடல் தண்ணீர் கொண்டுவந்தான். என் காதில் வாயை வைத்து, "மாமா, ஊரே எங்கிட்ட மீனு வாங்குது, நீங்க மட்டும் அது குளிச்ச தண்ணிய வாங்குறீங்க!" என்று கத்தினான். தெருவே சிரித்தது. "ஒம் மீனு ரெண்டு நாளு முன்னாடியே செத்தது, என்னுது உசுரோட இருக்கு, போடா" என்றேன்.

அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்காதே. பேச்சில்லாத ஆளைப் பற்றி நான் என்ன எழுத? சத்தியத்தைப் பற்றியும் கேட்காதே.

இறைவன் காப்பான்.

ஷஹாத்தா


கினா, 18 டிசம்பர் 1999

நாஹித் மகளே, நான் எதிர்வீட்டு உம் ரிஸ்க் எழுதுகிறேன். உன் அம்மா இப்போது என் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதச் சொல்கிறாள். எழுதுகிறேன்.

கண்ணு நாஹித், நல்லா இருக்கியா? வயிறாரச் சாப்புடுறியா? அங்க குளிரு ஜாஸ்தியாமே, கம்பளி போட்டுக்க. ஃபிக்ரி உன்ன நல்லா வச்சிருக்கானா? நல்லா வச்சுக்கலன்னா சொல்லு, நான் ஒருத்தி போதும் அவனுக்கு.

நான் நல்லாருக்கேன். நோன்பு பிடிக்கிறேன். மண்டைதான் அப்பப்ப கிர்ருன்னு சுத்துது, உக்காந்தா சரியாப் போயிடும். உங்கப்பாவும் நல்லாத்தான் இருக்காரு. நோன்பு தொறக்கறப்ப அவரு தட்ட முன்னறைல வச்சுட்டு நான் அடுப்படிக்கு வந்துடுவேன். உப்பு பத்தலன்னா டப்பாவ ணங்குன்னு ஒரு தட்டு தட்டுவாரு. நான் கேக்காத மாதிரியே இருப்பேன். இந்த வீட்ல அவரு ஒருத்தருக்குத்தான் காது கேக்காதா?

அந்தத் தொட்டி இருக்கே, வெடிகாலைல போய்ப் பாத்தா பால ஊத்துன மாதிரி கலங்கிக் கெடக்கு. என்னமோ சுண்ணாம்பக் கொண்டு ஊத்துறாரு. ஏன்னு கேக்கலாம்னா பேச்சில்ல. நம்மூர்ல தாழித் தண்ணி கலங்குனா என்ன செய்வோம்? படிகாரத்த விட்டு நாலு சுத்து சுத்துவோம், கசடெல்லாம் அடில உக்காந்துரும். அதான் அவரு தொழப் போனதும் ஒரு குவளைல படிகாரத்தக் கரைச்சு மெதுவா ஊத்திடறேன். அவரு வர்றதுக்குள்ள கண்ணாடி மாதிரி ஆயிடுது. கண்ணேறும் படாது. அது செத்துச்சுன்னா மனுஷன் தாங்க மாட்டாரு நாஹித். நாளெல்லாம் அது முன்னாடியே உக்காந்திருக்காரு. நான் இத செய்யறேன்னு அவருகிட்ட எழுதிடாத, தொட்டியத் தொட்டேன்னு வீட்டையே ரெண்டாக்கிடுவாரு.

உன்னப் பாக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.

இதுவரை அவள் சொன்னது. இனி நான். ஜனவரி ஏழாம் தேதி எங்கள் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மின்யாவில் மகன் வீட்டுக்குப் போகிறேன், மருமகளுக்குப் பேறுகாலம். ஈஸ்டருக்குத்தான் வருவேன். அதுவரை உன் அம்மாவுக்கு எழுத ஆளில்லை. இறைமகன் அருள் உன்னோடு.

உம் ரிஸ்க்


அலெக்ஸாண்ட்ரியா, 27 டிசம்பர் 1999

அன்பான உம் ரிஸ்க் அத்தைக்கு,

நீங்கள் மின்யா கிளம்புமுன் இது கிடைக்கவேண்டும். உங்கள் சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கிறதா? பிறக்கப்போகும் குழந்தைக்கு என் வாழ்த்து.

அம்மா நல்ல எண்ணத்தில் செய்கிறாள். ஆனால் படிகாரம் தண்ணீரிலுள்ள காரத்தைத் தின்றுவிடும். அப்பா சுண்ணாம்பை ஊற்றி ஏற்றுகிறார், அம்மா படிகாரத்தை ஊற்றி இறக்குகிறாள். கலங்குகிறது என்று அவள் ஊற்ற, குறைகிறது என்று அவர் இன்னும் ஊற்ற, இன்னும் கலங்குகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நிறுத்தச் சொல்லி அவளிடம் சொல்லுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அத்தை, நீங்கள் போய்விட்டால் அம்மாவைப் பற்றி எனக்கு யார் சொல்வார்கள்? அப்பா துளிக் கணக்கை மட்டும் எழுதுவார். கணக்கு இறங்கிக்கொண்டே இருந்தால், அம்மா விடியற்காலையில் எழுந்து நடந்து குவளையைத் தூக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். ஈஸ்டர் வரை எனக்கு அது போதும்.

பவளம் வருந்தும். தெரிந்தேதான் செய்கிறேன். தலை சுற்றுகிறது என்றாளே, ஒரு வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். அதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் மகள் போன்ற,
நாஹித்


கினா, 9 பிப்ரவரி 2000

மகள் நாஹிதுக்கு,

பெருநாள் வாழ்த்து தாமதமாகச் சொல்கிறேன், ஏற்றுக்கொள். இருமல் இருந்தது, போய்விட்டது. நீ சுகம்தானே?

ஐந்து. நீ ஒவ்வொரு மாதமும் கணக்கை எழுதச் சொல்லி வாழ்த்து அட்டையில்கூடக் கேட்டிருக்கிறாய். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன், ஐந்தாம் துளியில் மஞ்சள். வெண்பவளம் சுருண்டுவிட்டது. தோல் பவளம் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. கிளைப் பவளத்தின் நுனி வெளுத்துவிட்டது. சுண்ணாம்புக் கடைக்காரன் என் காதருகே வந்து, "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா, பெரியவரே? இன்னுமா முடியல?" என்று கேட்கிறான்.

நீ அனுப்பிய மருந்து கெட்டுப்போனதாக இருக்கும். அல்லது நைல் தண்ணீரில் எதையோ கலக்குகிறார்கள். தொட்டியில் ஒரு தவறும் இல்லை, என் கையில் ஒரு தவறும் இல்லை. புதிய புட்டி அனுப்பு.

உன் புருஷன் என்ன அளக்கிறான் இப்போது? இன்னும் எந்தக் கடலை மூடப் போகிறார்கள் என்று கேட்டு எழுது.

இறைவன் போதுமானவன்.

ஷஹாத்தா


அலெக்ஸாண்ட்ரியா, 24 பிப்ரவரி 2000

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

உங்கள் கையை முத்தமிடுகிறேன். இருமல் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேனில் கருஞ்சீரகம் போட்டுச் சாப்பிடுங்கள். புதிய புட்டி இத்துடன் வருகிறது.

ஐந்து என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று கேட்காதீர்கள். அளப்பதை நிறுத்தாதீர்கள். சுண்ணாம்பைச் சொட்டு சொட்டாகவே விடுங்கள் அப்பா, தண்ணீர் கலங்காமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

ஃபிக்ரி அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது நகராட்சியில் தெரு அளக்கிறார். மர்ஸா ஸஃப்ராவைப் பற்றி வீட்டில் பேச மாட்டார். ஒரு நாள் மட்டும், "நான் போடலன்னா இன்னொருத்தன் கோடு போட்டிருப்பான். ஆனா போட்டது நான்தானே" என்றார்.

எங்கள் பள்ளிவாசல் ஷேக்கிடம் உங்கள் சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். கோபத்தில் தடுப்பதற்காகச் சொன்ன சொல்தான் என்றால், பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் அது தீர்ந்துவிடும் என்கிறார். பத்துப் பேர் அப்பா. அரிசியும் இறைச்சியும் நான் அனுப்புகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறேன். அவளுக்குத் தலை சுற்றுகிறது என்று கேள்விப்பட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நாஹித்


கினா, 10 ஏப்ரல் 2000

மகள் நாஹிதுக்கு,

அமைதி உண்டாகட்டும். நீ நலமென்று நம்புகிறேன். வேலை கூடிவிட்டதால் பதில் தாமதம். பெருநாள் போய்விட்டது.

தண்ணீர் நிலைத்து நின்றுவிட்டது. எட்டு! நான்கு வாரமாக எட்டுக்குக் குறையவில்லை. சுண்ணாம்பைப் பாதியாகக் குறைத்தும் இறங்கவில்லை. வெண்பவளம் கையைத் திறந்து மூடுகிறது, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக. தோல் பவளம் சவ்வை உரித்துவிட்டு எழுந்து நிற்கிறது. ஃபராஜ் பார்த்துவிட்டு, "என்ன மாமா, உள்ள பொம்ம வச்சு சாவி குடுத்துட்டீங்களா?" என்று கத்தினான். விடாமல் நின்றேன், வென்றுவிட்டேன். புத்தகம் படித்தவர்கள் யாராவது வந்து பார்க்கட்டும்.

இப்போது சுபுஹை வீட்டிலேயே தொழுகிறேன். அதனால் சொட்டு சொட்டாக விட நேரம் கிடைக்கிறது. நீ சொன்னதற்காகச் செய்யவில்லை.

ஷேக்குக்குச் சொல், நான் சொன்ன சொல்லைச் சோறு போட்டுத் திரும்ப வாங்குகிறவன் அல்ல. அதைக் கோபத்தில் சொல்லவில்லை, நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

இறைவன் உனக்கு நல்வழி காட்டட்டும்.

ஷஹாத்தா


அலெக்ஸாண்ட்ரியா, 15 ஏப்ரல் 2000

அப்பா,

உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும். அம்மா எங்கே?

தண்ணீர் உங்கள் கையால் நிற்கவில்லை. சென்ற குளிர்காலம் முழுக்க நீங்கள் தொழப் போனதும் அம்மா தொட்டியில் படிகாரம் கரைத்து ஊற்றினாள். நீங்கள் ஊற்றியது கலங்குவதைப் பார்த்துப் பயந்து, தெளியட்டும் என்று ஊற்றினாள். நீங்கள் ஏற்றியதை அவள் இறக்கினாள். இருவரும் அந்தப் பவளத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தீர்கள். அவள் என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்லவில்லை. கணக்கு இறங்கும்வரை அவள் நடமாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்தத் துளிகளை எண்ணிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

இப்போது எட்டு என்கிறீர்கள். நான்கு வாரமாக எட்டு. தொழுவதற்குக்கூட வீட்டை விட்டுப் போவதில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஃபிக்ரியிடம் கொடுத்தேன், "நல்ல சேதிதானே?" என்றார். நல்ல சேதியா இது?

அவளுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். பத்துப் பேருக்குச் சோறு போடுங்கள். உங்களால் முடியாவிட்டால் தெருவில் நின்று நான் போடுகிறேன், நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள்.

நாஹித்


கினா, 4 மே 2000

மகள் நாஹிதுக்கு,

அமைதி உண்டாகட்டும். நலம், நலமறிய ஆவல்.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது அவள் தொட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். பக்கத்தில் குவளை உருண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தாள் என்று நினைத்தேன். வலது பக்கம் கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறுகிறதாம். எனக்கு எதுவும் கேட்காததால் அது எனக்குத் தெரியாது. வைத்தியர் வந்து பார்க்கிறார். மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி இறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

எழுதாததற்குக் காரணம் கேட்பாய். எழுதினால் நீ வருவாய். வந்தால் வாசலை மிதிப்பாய். மிதித்தால், படுத்த படுக்கையாக இருக்கிறவளுக்குத் தலாக் விழும். அதை நான் அனுமதிக்க முடியாது.

படிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். தாழிக்குப் பின்னால் ஒரு துணி முடிச்சில் இருந்தது. என் தொட்டியை என்னைக் கேட்காமல் தொட்டது தவறு. நீ தெரிந்தும் சொல்லாதது அதைவிடத் தவறு.

சத்தியம் என் வாசலைப் பற்றியது. வாசலுக்கு வெளியே இருப்பது எல்லோருக்கும் பொதுவான படிக்கட்டு. அங்கே யார் உட்கார்ந்தாலும் எனக்குப் பேச்சில்லை. கதவைப் பூட்டி வைப்பதாக நான் சத்தியம் செய்யவில்லை. அவள் கட்டிலைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டிருக்கிறேன், அங்கே காற்று வரும் என்பதால்.

இறைவன் நாடியது நடக்கும்.

ஷஹாத்தா


அலெக்ஸாண்ட்ரியா, 2 ஜூலை 2000

அப்பாவுக்கு,

உங்கள் உடல்நலத்தை இறைவன் காக்கட்டும். நான் ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

மே மாதம் மூன்று நாள் அந்தப் படியில் உட்கார்ந்து அம்மாவோடு பேசினேன். இடையில் ஆறு அடி. அவள் இடது கையை நீட்டினாள், நான் நிலைப்படி வரை கையை நீட்டினேன். எட்டவில்லை. என் கை மட்டும் உள்ளே வந்தால் அது வாசலை மிதித்ததாகுமா என்று உங்களைப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தீர்களா, எனக்குத் தெரியாது. தேர்வு வேலைக்காகத் திரும்பினேன். பிறகு உம் ரிஸ்க் அத்தையின் தந்தி வந்தது. நான் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது.

கல்லறையிலிருந்து வந்து தெருவில் நின்றேன். அத்தை மாடியிலிருந்து அழுதுகொண்டே இறங்கி வந்தார். "உங்கப்பா சொல்லச் சொன்னாருடி. சத்தியம் முடிஞ்சு போச்சாம். தலாக் சொல்ல இனி ஆளில்லையாம். நீ மேல வரலாமாம்" என்றார். பிறகு அவரே, "இதச் சொல்றதுக்கு ஒரு வாயா? என் வாயில மண்ணப் போட" என்று என் தோளில் தலையை வைத்துக்கொண்டார்.

நான் மேலே வரவில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது மிதிக்கக் கூடாத வாசலை அவள் செத்ததால் மிதிக்க மாட்டேன். நீங்கள் சத்தியம் செய்யத் தெரிந்தவர். நான் உங்கள் மகள்.

இனித் துளிக் கணக்கு எழுத வேண்டாம். அதிலிருந்து நான் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

நாஹித்


கினா, 30 ஜூலை 2000

மகள் நாஹிதுக்கு,

அமைதி உண்டாகட்டும். உன் நலம் கேட்கிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் கேட்பது என் கடமை. இங்கே வெயில் அதிகம். எனக்கு ஒன்றுமில்லை.

கணக்கு எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை.

எங்கள் ஷேக் வீட்டுக்கு வந்து, பத்துப் பேருக்குச் சோறு போட்டிருக்கலாமே என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். சொன்னது சொன்னதுதான். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். மணலுக்கு அடியில் போன பாறையை யாரும் சோறு போட்டு எழுப்பப் போவதில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதல் மாதம் கஞ்சி மட்டும் குடித்தாள். பிறகு ரொட்டியைக் கரும்புப் பாகில் ஊறவைத்துக் கொடுத்தேன், அது பிடித்தது. உதட்டின் வலது ஓரத்தில் வழியும், துடைத்துவிடுவேன். சோற்றில் உப்பு குறைந்தால் வாயை மூடிக்கொள்வாள், போட்டபின் திறப்பாள். தலைமுடியை உம் ரிஸ்க் வரும்வரை நானே வாரினேன். சடை பின்னத் தெரியாது, அதனால் முடிச்சுப் போட்டுவிடுவேன். அவள் இடது கையால் அதை அவிழ்த்துவிடுவாள். வெயில் ஏறியதும் ஈரத்துணி வைத்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினேன். தொட்டியில் சூடு ஏறியது, ஏறட்டும் என்று விட்டேன். படுக்கைப் புண் வரவில்லை. வைத்தியர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பேச்சு மட்டும் இல்லை. பேச்சில்லை என்றால் பேச்சில்லைதான், அதற்கு நோய் ஒரு காரணமாகாது.

நீ படியில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் நான் என் நாற்காலியில் இருந்தேன். நிமிர்ந்தால் உன் வாய் தெரியும், திரும்பினால் அவள் வாய். இரண்டும் அசைந்துகொண்டே இருந்தன. இரண்டாம் நாள் மாலை நீ என்னவோ சொன்னாய், அவள் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. அவள் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் எப்போது என்று எனக்கு நினைவில்லை. பிறகு அவள் நீண்ட நேரம் பேசினாள். உம் ரிஸ்க் அழுதாள், மேல்மாடிக்காரி படியில் நின்று அழுதாள். நீ மட்டும் அழாமல் என்னைப் பார்த்தாய்.

கட்டடம் முழுவதும் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. நான் யாரிடமும் போய்க் கேட்க மாட்டேன். ஃபராஜிடம்கூடக் கேட்டுவரச் சொல்ல மாட்டேன்.

கடைசி நாள் காலை பாகில் நனைத்த ரொட்டியைக் கொடுத்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நான்கைந்து சொல் இருக்கும். என் காதை அவள் வாயருகே கொண்டுபோயிருந்தால் கேட்டிருக்கும். கொண்டுபோகவில்லை. அவள் திரும்பச் சொல்லவில்லை. உதடு எப்படி அசைந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடி முன் நின்று அதேபோல் அசைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.

ஒருவேளை உன்னிடம் படியில் சொன்னதையே என்னிடமும் சொல்லியிருப்பாள். அந்த மூன்று நாளும் அவள் என்ன சொன்னாள் என்று எழுது. முதலிலிருந்து எழுது. என்னைத் திட்டியிருந்தால் திட்டியதையும் எழுது, எந்தச் சொல்லால் என்று எழுது. நீ வர வேண்டாம், உன் புருஷனையும் நான் மன்னிக்கவில்லை. எழுது போதும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஷஹாத்தா